நான்கு ஸ்க்ரூவுக்கு உள்ளே

எங்கள் கம்பெனி விற்கும் பெட்டியைத் திறக்க நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும். உள்ளே ஒரு பச்சை போர்டு, இரண்டு ரிலே, கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள், நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர். கோவையில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் பட்டறைக்காரரிடம் கொடுத்தாலும் என்னென்ன பாகம், எங்கே கிடைக்கும், என்ன விலை என்று மாலைக்குள் பட்டியல் போட்டுவிடுவார். அந்தப் பட்டியலில் வராதது எதுவோ அதை வைத்துத்தான் எங்கள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறேன்.

பெட்டி என்பது போர்வெல் மோட்டாருக்கான ஆட்டோ ஸ்டார்ட்டர். பல்லடம், அவிநாசிப் பக்கம் ஆயிரம் அடி போட்டாலும் பல இடங்களில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும். கொஞ்ச நேரம் ஓடியதும் குழாயில் காற்று வரும். அப்போதும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் சூடேறிக் காயில் எரிந்துவிடும். மோட்டாரை மேலே ஏற்றி, ரீவைண்டிங் செய்து, மறுபடி இறக்குவதற்குள் பயிர் வாடிவிடும். தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்தி, கிணறு ஊறியதும் தானாகப் போட்டுவிடும் கருவிகள் சந்தைக்கு வந்து வெகு காலம் ஆகிறது. ஆனால் பழைய பெட்டிகளில் இடைவேளையை நாமே ஒரு திருகில் வைக்க வேண்டும். ஐப்பசியில் வைத்த அரைமணி சித்திரைக்கு ஒத்துவராது. ஊறுவதற்கு முன்பே ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். போன தடவை எவ்வளவு நேரம் தண்ணீர் வந்தது என்பதைப் பார்த்து, இந்தத் தடவை எவ்வளவு நேரம் ஊற விடலாம் என்று பெட்டியே முடிவெடுக்கும். போர்வெல்லுக்குள் வயர் எதுவும் இறக்குவதில்லை. கரன்ட், வோல்டேஜ், இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம் ஆகியவற்றை மேலிருந்தே அளந்து தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று கண்டுகொள்ளும்.

இதைப் பாதுகாப்பது எப்படி என்று உட்கார்ந்தபோது எங்கள் பேட்டன்ட் ஏஜென்ட் ஒரு வெள்ளைத் தாளை நடுவில் கோடு போட்டு மடித்தார். “மேடம், பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தாத் தெரியறதெல்லாம் இந்தப் பக்கம் சொல்லுங்க. பிரிச்சாலும் தெரியாததெல்லாம் அந்தப் பக்கம்” என்றார். முதல் பக்கத்துக்குக் காப்புரிமை, இரண்டாம் பக்கத்துக்கு மௌனம். கம்பெனி நடத்தும் நண்பர்கள் யார் கேட்டாலும் இந்தத் தாளைத்தான் முதலில் மடிக்கச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் காப்புரிமை வாங்குவேன் என்பவர் தன் சமையலறைக் கதவைத் தானே திறந்து வைக்கிறார். எதற்கும் வேண்டாம் என்பவர், நான்கு ஸ்க்ரூவைக் கழற்றத் தெரிந்த எவருக்கும் இனாம் கொடுக்கிறார்.

ஏனென்றால் காப்புரிமை ஒரு பேரம். நீங்கள் கண்டுபிடித்ததை, அத்துறை தெரிந்த இன்னொருவர் செய்து பார்க்கும் அளவுக்கு முழுவதும் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், உங்கள் அனுமதி இல்லாமல் அதைச் செய்கிறவர்களைத் தடுக்கும் உரிமையை அரசாங்கம் தரும். விண்ணப்பித்த 18 மாதத்தில் நீங்கள் எழுதியது உலகத்துக்கே தெரியும்படி வெளியாகிவிடும். பேரத்தில் ஏமாற்றவும் முடியாது. விண்ணப்பிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த சிறந்த முறை எதுவோ அதைச் சொல்ல வேண்டும் என்பது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. எங்களிடம் அன்று இருந்த எண்களை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு தோட்டம் தோட்டமாக அலைந்து, எந்தக் குதிரைத்திறன் மோட்டார், எத்தனை ஸ்டேஜ் பம்ப், வோல்டேஜ் சரியும்போது எந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டும் என்று சேர்த்த அட்டவணைகள் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. அவை சிப்புக்குள் இருக்கின்றன.

விண்ணப்பிப்பது நினைப்பது போல் பெரிய செலவில்லை. எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களும் ஸ்டார்ட்அப்களும் தனி மனிதர்களும் இணையம் வழியாகக் கட்டும் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய கம்பெனிகளுக்கு 8,000. பரிசீலிக்கக் கோருவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, எங்களுக்கு 4,000. செலவெல்லாம் எழுதித் தருகிறவருக்குத்தான் போகும். அதில் கஞ்சத்தனம் கூடாது என்பது என் கட்சி. அவசரமென்றால் முதலில் ப்ரொவிஷனல் ஒன்றைப் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். விரைவுப் பரிசீலனையும் சிறு நிறுவனங்களுக்கு உண்டு; 2019 முதல், தனி நபர்கள் விண்ணப்பித்தால் அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தாலே போதும். சென்னையில் காப்புரிமை அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில். புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான். எங்கள் ஊர் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் அந்தக் குறியீட்டைப் பெற்றிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அது ஊர்ப்பெயரைக் காக்குமே தவிர, கிரைண்டருக்குள் இருக்கும் யோசனையைக் காக்காது.

இதில் அவசியம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: புதுமை என்றால் உலகத்தில் எங்கும் முன்பே வெளியாகாதது. நீங்களே வெளியிட்டிருந்தாலும் அது வெளியானதுதான். கண்காட்சியில் ஸ்டால் போட்டு, டீலருக்கு விளக்கி, வீடியோ எடுத்துப் போட்ட பிறகு வருகிறவர்களிடம் ஏஜென்ட் கையை விரித்துவிடுவார். சட்டத்தில் 12 மாதச் சலுகை உண்டு, ஆனால் அது மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சில இடங்களுக்குத்தான். ஊரில் நடக்கும் எல்லாக் கண்காட்சியும் அதில் சேர்த்தி இல்லை.

அடுத்த தலைவலி சாஃப்ட்வேர். கம்ப்யூட்டர் நிரல் மட்டும் தனியாக இருந்தால் காப்புரிமை இல்லை என்கிறது 3(k) பிரிவு. வெறும் கணக்கு முறைக்கும் கிடையாது. எங்கள் பெட்டியின் மூளை ஒரு கணக்கு முறைதானே? கரன்டை அளந்து, ரிலேயை விடுவித்து, ஒரு மோட்டாரை நிஜமாகவே நிறுத்துகிற கருவி என்று அதை எழுத வேண்டியிருந்தது. நிரலின் வரிகளுக்குக் காப்பிரைட் உண்டு, பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. ஆனால் அதே வேலையை வேறு வரிகளில் எழுதிக்கொண்டால் காப்பிரைட் தடுக்காது.

விண்ணப்பத்தில் உயிர் இருப்பது கடைசியில் வரும் உரிமைக் கோரிக்கைகளில். முன்னால் இருபது பக்கம் விளக்கினாலும் உங்களுக்குச் சொந்தமாவது அந்தக் கோரிக்கை வாக்கியங்கள் வளைத்த இடம் மட்டும்தான். நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவது மாதிரி: இந்த ஓடைக்குத் தெற்கு, இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு. எங்கள் முதல் கோரிக்கையில் எங்கள் இன்ஜினியர் “கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்” என்று எழுதியிருந்தார். ஏஜென்ட் அதை அடித்துவிட்டு “கரன்டை உணரும் அமைப்பு” என்று போட்டார். டிரான்ஸ்ஃபார்மர் என்று இருந்தால், போட்டிக்காரர் ஒரு ஹால் சென்சாரை வைத்துவிட்டு ஓடைக்கு இந்தப் பக்கம் ஜம்மென்று வீடு கட்டிக்கொள்வார். அதற்காக ரொம்பவும் அகல விரித்து எழுதினால், ஏற்கெனவே யாரோ செய்துவைத்திருப்பதும் வளையத்துக்குள் வந்துவிடும்; கோரிக்கையே செல்லாது என்று ஆகிவிடும். அந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று பேரும் ஒரு பிற்பகல் முழுக்கச் சண்டை போட்டோம். அந்தச் சண்டைக்குத்தான் நான் ஃபீஸ் கொடுக்கிறேன்.

வாக்கியத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்பவர்களுக்கு பஜாஜ் - டிவிஎஸ் வழக்கைச் சொல்வேன். சிறிய பைக் இன்ஜினில் பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் மைலேஜ் கிடைக்கும், ஆனால் அந்த மெலிந்த கலவையில் தீ மெதுவாகப் பரவும். ஒரு ஸ்பார்க் பிளக்குக்குப் பதில் இரண்டு வைத்தால் இரண்டு பக்கமிருந்தும் எரிந்து சீக்கிரம் முடியும். பஜாஜ் 2002 ஜூலையில் இதற்கு விண்ணப்பித்து, 2005 ஜூலையில் காப்புரிமை வாங்கியது. பல்சரில் டிடிஎஸ்-ஐ என்று எழுதியிருக்குமே, அதுதான். இரட்டை பிளக் என்பது அதற்கு முன்பே உலகம் அறிந்தது. அதனால் கோரிக்கையில் சிலிண்டரின் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் என்று எல்லை போட்டிருந்தார்கள். பெரிய இன்ஜின்காரர்கள் முன்பே செய்ததிலிருந்து விலகி நிற்க அந்த இரண்டு எண்கள்.

2007-ல் ஓசூர் டிவிஎஸ் ‘ஃப்ளேம்’ என்ற 125 சிசி பைக்கை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக். கூடவே மூன்று வால்வு. வால்வு எண்ணிக்கையே வேறு, நுட்பம் ஆஸ்திரியாவின் ஏவிஎல் வழியாக வந்தது என்றது டிவிஎஸ். ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையிலேயே இரட்டை பிளக் இருக்கிறது, பஜாஜின் காப்புரிமையையே ரத்து செய்ய வேண்டும் என்றும் மனு போட்டது. இரு தரப்பும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நின்றன. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி, இரட்டை பிளக் ஃப்ளேமுக்கு இடைக்காலத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு வண்டியை விற்றது. 2009 மே மாதத்தில் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. பஜாஜ் உச்ச நீதிமன்றம் போனது. அந்த செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்கலாம், ஆனால் விற்பனைக் கணக்கைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்றது. காப்புரிமை, வணிகச் சின்னம், காப்பிரைட் வழக்குகளை நாள்தோறும் விசாரித்து, தாக்கலான நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது.

இரு கம்பெனிகளும் சமரசமாகி வழக்கை முடித்துக்கொண்டது 2019-ல். அதற்குள் ஃப்ளேம் ஷோரூமிலிருந்தே போய்விட்டிருந்தது.

இவ்வளவு பெரியவர்களுக்கே இப்படி. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை 2021-ல் கலைத்தார்கள், 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு வந்திருக்கிறது. இருந்தாலும் என் கணக்கு வேறு. எங்கள் ஒரு மாடல் சந்தையில் நான்கைந்து வருடம் ஓடினால் அதிகம். காப்புரிமைச் சான்றிதழ் என்பது கோர்ட்டுக்குப் போக ஒரு டிக்கெட், ஜெயிப்பதற்கான உத்தரவாதம் இல்லை.

எங்கள் பெட்டியைக் காப்பியடித்தது தெரிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பல்லடத்து மெக்கானிக் ஒருவர், மோட்டார் இறக்குவதில் கைதேர்ந்தவர், ஒரு நாள் பையில் ஒரு பெட்டியோடு வந்தார்.

“ஏனுங்க அம்மிணி, வேற பேர்ல நீங்களே இன்னொன்னு போடறீங்களா?”

நிறம் வேறு, ஸ்டிக்கர் வேறு. ஸ்க்ரூவைக் கழற்றினோம். போர்டில் ஆர்-47 என்று ஒரு இடம், அதில் ரெசிஸ்டர் எதுவும் இல்லாமல் காலியாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நாங்கள் முன்பு சிங்கிள் ஃபேஸ் மாடலுக்காக விட்டுவைத்து, பிறகு தேவைப்படாமல் போன இடம். எதற்கென்றே தெரியாமல் அதையும் சேர்த்து வரைந்திருந்தார்கள். சிப்பை மட்டும் படிக்க முடியவில்லை. மைக்ரோகன்ட்ரோலரில் உள்ளிருப்பதை வெளியே படிக்க விடாமல் பூட்டும் வசதி உண்டு; புரோகிராம் ஏற்றும்போது ஒரு பிட்டை மாற்ற வேண்டும், காசு செலவில்லை. கெட்டிக்காரர்கள் அதையும் உடைப்பார்கள், ஆனால் இந்த விலைக்கு விற்கிற பெட்டிக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஆகவே நிரலை அவர்களே குத்துமதிப்பாக எழுதியிருந்தார்கள். வோல்டேஜ் ஒழுங்காக இருக்கும் நேரத்தில் நன்றாகத்தான் வேலை செய்தது. சாயங்காலம் வோல்டேஜ் சரிந்தால் தண்ணீர் இருக்கும்போதே நிறுத்தியது, இல்லாதபோது ஓடவிட்டது.

அப்போது எங்கள் விண்ணப்பம் வெளியாகியிருந்தது, காப்புரிமை கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை வழக்குப் போட முடியாது. கிடைத்த பிறகு, வெளியான தேதியிலிருந்தே நஷ்டஈடு கேட்கலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று ஆபீஸில் கொதிப்பு. நான் வேறு ஒன்று செய்தேன். எங்கள் பெட்டி மாட்டி, ட்ரை ரன் ஆகிக் காயில் எரிந்தால், உத்தரவாதக் காலத்தில் ரீவைண்டிங் செலவும் மோட்டார் ஏற்றி இறக்கும் கூலியும் எங்களுடையது என்று டீலர்களிடம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் கணக்குப் பிள்ளைக்கு அன்று ரத்த அழுத்தம். ஆனால் இதைத் தைரியமாகச் சொல்ல எனக்கு அந்த அட்டவணைகள் இருந்தன. பார்த்து வரைந்தவருக்கு இல்லை. அவர் அதே உத்தரவாதம் கொடுத்தால் ஒரே கோடையில் கடையை மூட வேண்டும். மறைத்து வைத்திருப்பதைச் சும்மா பூட்டி வைப்பதைவிட, அதை நம்பி வாடிக்கையாளருக்கு ஏதாவது வாக்குக் கொடுப்பது நல்ல காவல் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெயரிலான பெட்டி இப்போது எங்கள் பக்கம் வருவதில்லை.

ரகசியத்தைப் பற்றிப் பேசினால் ஆட்களைப் பற்றியும் பேச வேண்டும். சிப்பைப் பூட்டலாம், வேலையை விட்டுப் போகிற தம்பியின் தலையைப் பூட்ட முடியுமா? இரண்டு வருடத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிறார்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. சட்டம் சரியாகத்தான் சொல்கிறது. அவரவர் கைத்தொழில் அவரவருக்கு. கம்பெனியின் ரகசியத் தகவலை எடுத்துப் போகக் கூடாது என்பது வேறு, அது செல்லும். வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லாததால் எல்லாம் ஒப்பந்தத்தின் சொற்களில் நிற்கிறது.

யாருக்குச் சொந்தம் என்பதையும் பலர் சட்டை செய்வதில்லை. சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதும் நிரலின் காப்பிரைட், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கம்பெனிக்கே. ஆனால் அவர் கண்டுபிடித்ததற்கான காப்புரிமை அப்படித் தானாக வராது. எழுதி வாங்க வேண்டும். வெளியாளிடம் நிரல் எழுதக் கொடுத்தால் அதுவும் எழுதி வாங்காதவரை அவருடையதுதான். பிரிட்டனில் ஜேம்ஸ் டைசன் இதை எதிர்ப்பக்கமிருந்து அனுபவித்தவர். சக்கரத்துக்குப் பதில் பந்து வைத்த தள்ளுவண்டியின் உரிமையைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளாமல் கம்பெனி பெயருக்கு எழுதிக் கொடுத்தார். பங்குதாரர்கள் அவரை வெளியே அனுப்பியபோது வண்டி அங்கேயே நின்றுவிட்டது. பிறகு 5,127 மாதிரிகள் செய்து, பை இல்லாத வாக்குவம் கிளீனரை உருவாக்கியபோது காப்புரிமைகளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ஹூவர் கம்பெனி அதே பாணியில் ஒன்றைக் கொண்டுவந்தபோது வழக்குப் போட்டு 2000-ல் ஜெயித்தார், 2002-ல் 40 லட்சம் பவுண்டு வாங்கினார். அந்தப் பணத்தைவிட, முன்பு எழுதிக் கொடுத்த அந்தக் கையெழுத்துத்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எங்கள் கம்பெனியில் சேரும்போதே உரிமையை எழுதி வாங்கிவிடுகிறோம். பதிலுக்கு, கண்டுபிடித்தவர் பெயர் காப்புரிமையில் வரும், கையில் ஒரு தொகையும் வரும். எங்கள் இன்ஜினியர் ஒருவர் அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பெண் வீட்டார் வந்த அன்று வரவேற்பறையில் மாட்டியதாகக் கேள்வி. கல்யாணம் முடிந்துவிட்டது, ஆளும் எங்களிடமே இருக்கிறார்.

காப்புரிமையை வாங்கினால் மட்டும் போதாது, வைத்திருக்க வேண்டும். மூன்றாம் வருடத்திலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு ஆறாம் வருடம் வரை வருடத்துக்கு 800 ரூபாய், பிறகு பத்தாம் வருடம் வரை 2,400, கடைசி ஐந்து வருடம் 8,000. வயதாக ஆக விலை ஏறுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மார்ச்சிலும் பட்டியலை எடுத்துவைத்து, இதை இன்னும் யாராவது காப்பியடிக்க விரும்புவார்களா என்று கேட்டுக்கொள்கிறோம். போன தடவை, மேல்நிலைத் தொட்டிக்கான பழைய லெவல் கருவி ஒன்றின் காப்புரிமைக்குப் பணம் கட்டவில்லை. அதை நாங்களே இப்போது செய்வதில்லை.

இப்போது சண்டை சோலார் பம்ப் டிரைவ் பற்றி. மேகம் கடக்கும்போது மோட்டார் நின்றுவிடாமல் வேகத்தை இறக்கி ஏற்றும் முறை ஒன்றை எங்கள் ஜூனியர் பெண் செய்திருக்கிறாள். தான் படித்த கல்லூரிக் கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். “அக்கா, எங்க புரொஃபசர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்” என்கிறாள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ப்ரொவிஷனல் விண்ணப்பத்தை முதலில் எழுதி முடிக்கச் சொல்லியிருக்கிறேன். விண்ணப்ப எண் வந்ததும் அவள் பஸ் ஏறலாம். எந்த எண்களைக் கட்டுரையில் காட்டுவது, எவற்றைக் காட்டாமல் விடுவது என்று வெள்ளிக்கிழமை ஏஜென்டோடு உட்காருகிறோம். மடிக்க ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறாள்.